கைநாட்டு

என் தங்கை ஜெயித்ததையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். தையல் பட்டறையில் சட்டைக்குக் காஜா எடுக்கச் சேர்ந்தவள், மேற்பார்வையாளர் ஆனாள். காசநோயிலிருந்து மீண்டாள். வீட்டுக்காரர் போனபின் தனியாளாக மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் பழகினாள். இருப்பதிலேயே கஷ்டம் அதுதான். பக்கத்தில் படுத்தவள் நான், எனக்குத் தெரியும்.

இத்தனைக்கும் சம்பளம் வாங்கும்போது கட்டைவிரலைத்தான் மையில் அழுத்துவாள்.

"கைநாட்டுக்குக் கீழ வேலை பாக்கணும்னு என் தலையெழுத்து" என்பார் கட்டிங் மாஸ்டர்.

"என் கையெழுத்தை விடுங்க மாஸ்டர், உங்க வெட்டு முதல்ல நேரா வரட்டும்" என்பாள்.

உண்மையில் அவளுக்கு எழுதத் தெரியும்.

எங்கள் ஆட்களைக் கொன்று தீர்த்த அன்று, படைக்காரர்கள் எங்கள் தெருவைப் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். தாளில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அப்பா போட்டார். போட்டவர்களையெல்லாம் லாரியில் ஏற்றினார்கள். படித்தவர்களைத்தான் பொறுக்குகிறார்கள் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் மணிக்கட்டை நசுங்கப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குப் படிப்பு வராதுங்க, கைநாட்டுதான்" என்றார். எங்களைத் திட்டி விரட்டிவிட்டார்கள். லாரியில் போனவர்கள் திரும்பவில்லை. தங்கைக்கு ஒன்பது வயது. என் படிப்பும் அன்றோடு சரி.

அன்று தப்பியவர்களைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்காரவைத்துப் பேசச் செய்கிறோம் என்று எங்கள் தெரு நூலகத்தின் நூலகர் வந்து கூப்பிட்டபோது, தங்கை முடியாது என்றாள். அவர் போனபின் என்னிடம் சொன்னாள். "எழுதத் தெரியும்னு வெளிய வந்துடும் அக்கா. அன்னிக்கு தாள் நீட்டினவங்களோட பேரப்பிள்ளைங்களும் அங்க வருவாங்க."

"அவங்களுக்குத்தான் சொல்லணும்" என்றாள் தங்கை மகள்.

நூலகத்துக்குப் போனோம். தங்கை கதவைப் பார்த்தபடிதான் உட்கார்ந்தாள். லாரி வரைக்கும் சொன்னாள். அப்போது வெளியே ஒரு வண்டி நின்று, கதவு இழுபடும் சத்தம் கேட்டது. அவள் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"தண்ணி கேன் வண்டிங்க" என்றார் நூலகர்.

மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். பிறகு, வந்தவர்கள் கையெழுத்துப் போட ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பெண் அதைக் கையில் வாங்கி, பேனாவைத் தொடாமல் இருந்தாள்.

"ஆன்ட்டி, நான் கைநாட்டு வச்சுக்கவா?"

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளை, ஏற்கெனவே போட்ட தன் கையெழுத்தை மெதுவாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

தங்கை என் காதருகே குனிந்தாள். "அக்கா, இந்தப் பயத்தையா நான் சொல்லிக்குடுத்தேன்?"

எழுந்துபோய் அந்தத் தாளை வாங்கினாள். நானும் பின்னாலேயே போய், என்னையறியாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன், அம்மா பிடித்த அதே இடத்தில்.

"வேணாம்டி."

"விடுக்கா. நான் போடலைன்னா இவளும் போடமாட்டா."

விட்டேன். தன் பெயரை எழுதினாள். விழுந்த எழுத்துகள் ஒன்பது வயதுப் பிள்ளையின் எழுத்துகள், பெரிது பெரிதாக, வலப்பக்கம் சாய்ந்து. அதன் கீழே அந்தப் பெண் தன் பெயரை எழுதினாள்.

வெளியே மறுபடியும் ஒரு வண்டி வந்து நின்றது. நாங்கள் இருவரும் கதவைப் பார்த்தோம்.

என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை.