டிரம்பெட்டில் வழிந்த தாம்பூலம்

டிரம்பெட் ஊதுகிறவன் கச்சேரி நாளில் வெற்றிலை போடக் கூடாது. சுண்ணாம்பு பட்டால் உதடு வெந்துவிடும்.

இன்று காலை சிராங்கூன் ரோட்டில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா தாம்பூலத் தட்டை நீட்டினார்.

"சாயங்காலம் துரைமார் கச்சேரி இருக்குங்க" என்று இழுத்தேன்.

"ஏன் சம்பந்தி, எங்க வெத்தல கசக்குதா?"

மகளின் முகத்தைப் பார்த்தேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

டிராமிலேயே மென்று துப்பிவிட்டு ஒத்திகைக்கு ஓடினேன். வாய் கொப்புளிக்க நேரமில்லை. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து தாளத்தை எண்ணி, நான்கே நான்கு சுரம் ஊதுவதுதான் நம் உத்தியோகம். ஊதி முடித்து, குழாயில் சேர்ந்த எச்சிலைத் தரையில் வடித்தேன்.

சிவப்பாகக் கொட்டியது.

கச்சேரியை நடத்தும் துரை அலறினார். "ஐயோ, காசநோய்! இன்னிக்கு நீ வராதே. இனிமே கூப்பிடவும் மாட்டேன்."

"வெத்தல துரை, வெறும் வெத்தல!" என்று நாக்கை நீட்டிக் காட்டினேன். அது இன்னும் சிவப்பு. துரை நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார்.

நமக்கோ கூப்பிட்டால்தான் பிழைப்பு. வெற்றிலை கொடுத்தவரே வந்து சொன்னால் துரை நம்புவார். நிச்சயம் முடிந்த அன்றே சம்பந்தியைச் சாட்சிக்கு இழுத்துப்போன பெண்ணைப் பெற்றவர் உங்களில் யாராவது உண்டா? கல்யாணம் நடந்ததா?