ரையில் கை வைத்தவன்

நோர்வேக்காரன் எவ்வளவு பெரிய கூட்டத்துக்கும் காலுறையோடு வந்து உட்காருவான். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, பழைய கம்பளிச் சட்டையோடு கோப்பி குடித்தபடி பெரிய வியாபாரமெல்லாம் பேசி முடிப்பான். அங்கே ஒருநாள் நான் கோட்டுப் போட்டுக்கொண்டு போக, "யார் செத்தது?" என்று கேட்டார்கள். பகிடியாம். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நம்பக் கஷ்டமாயிருக்கும். ஒஸ்லோவில் இருக்கிறவர்கள் தலையாட்டுவார்கள்.

ஆகவே போன ஆவணியில், யாழ்ப்பாணத்து விடுதியில், கூட்டம் நடக்கவிருந்த காலை எரிக் அரைக் களிசானும் செருப்புமாய் இறங்கி வந்ததைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரிக் ஒஸ்லோவில் எங்கள் கொம்பனிக்காக ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுகிறவன். அரியாலைக் கடலேரி நண்டை நாங்கள் நேரடியாக வாங்கவேண்டும் என்று அவன் பின்னால் வருடக்கணக்காக அலைந்து, மன்றாடி, ஒருவழியாகக் கூட்டிவந்திருந்தேன். இது குழம்பினால் நண்டுக்கு வியட்நாமுக்குப் போய்விடுவேன் என்று விமானத்திலேயே சொல்லிவிட்டான். "நண்டு பிடிக்கிறவர்களைச் சந்திக்க இந்த வெயிலில் எதற்கு ஸ்லிப்ஸ்?" என்றான். கழுத்தில் கட்டுகிற ரைக்கு நோர்வே மொழியில் அதுதான் பெயர். அந்த நண்டுக்காரர்கள் கல்யாண வீட்டுக்குப் போடுகிற நீளக்கைச் சேட்டை அழுத்திப் போட்டுக்கொண்டு வருவார்கள், நீ மயிர்க்காலைக் காட்டிக்கொண்டு நின்றால் அவர்களை நாயாகவும் மதிக்கவில்லை என்று அர்த்தம், போய் மாற்று என்று கத்தினேன். நல்ல மனிதன். மாற்றிக்கொண்டு, ரையும் கட்டிக்கொண்டு வந்தான்.

நானும் கட்டினேன். இளவயதுக்குப் பிறகு கழுத்தில் ஒரு சங்கிலிகூடப் போடாதவன் நான். என் சனத்துக்கு முன்னால் அரைகுறையாய் நிற்கக்கூடாது என்ற வீம்பில் கட்டினேன். முடிச்சுக் கோணலாய் இருந்ததாம். முன்கூடத்தில் எரிக் சிரித்துக்கொண்டே வந்து, கேளாமலே அதைப் பிடித்து மேலே தள்ளினான். அவன் விரல் என் தொண்டையில் பட்டது. அதற்குப் பிறகு என் கைமுட்டி அவன் வாயில் இருந்தது. விழுந்தவன்மேல் ஏறியிருந்து மறுபடியும் குத்தினேன். காவலாளி வந்துதான் என்னை இழுத்தெடுத்தான். என் வெள்ளைச் சேட்டெல்லாம் எரிக்கின் இரத்தம். தரையில் கிடந்தபடி அவன் என்னைப் பார்த்து "உன்ஷில்" என்றான். அடி வாங்கியவன் மன்னிப்புக் கேட்கிறான். எனக்கு வெட்கத்தில் உடம்பு எரிந்தது.

படிப்பு முடித்த புதிதில் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரிலிருந்து என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குருநகரில் கடலுக்குப் போய் என்னைப் படிப்பித்தவர் என் கூடப்பிறந்த அன்ரன் அண்ணை. அவர்தான் யாரிடமோ ஒரு ரை இரவல் வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கட்டத் தெரியாது என்று, கொடுத்தவர் முடிச்சுப் போட்டே கொடுத்திருந்தார். தலையால் மாட்டி இறுக்கினால் சரி. சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு அண்ணை மிதித்தார். இராணுவச் சோதனைச் சாவடியில் வெயில் கொதித்தது. மூச்சு முட்டியதால் முடிச்சைத் தளர்த்தக் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனேன். அந்தச் சண்டைக் காலத்தில் ஊரில் எவனும் செய்யக்கூடாத காரியம் அது. பிடிபட்டால் கடிப்பதற்கென்று இயக்கத்துப் பிள்ளைகள் நஞ்சுக் குப்பியைக் கழுத்தில் கட்டியிருப்பார்கள். சாவடியில் கழுத்துக்குப் போகிற கை குப்பிக்குத்தான் போகிறது என்று நினைப்பார்கள். சிப்பாய் பாய்ந்து ரையைப் பிடித்து இழுத்தான். இழுக்க இழுக்க இறுகியது. "அது ரை, சேர், ரை" என்று கத்திக்கொண்டு அண்ணை ஓடிவந்தார். துவக்குப் பிடியால் அவருடைய முகத்தில் அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள். அசையாமல் போன பிறகும் அடித்தார்கள். பிறகு என்னை விட்டுவிட்டார்கள். அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் இருந்தேன். அது தலையாக இருக்கவில்லை.

காவலாளி என் கையை விடுமுன்பே கூட்டத்துக்கு வந்த நண்டுச் சங்கத்து ஆட்கள் விடுதிக்குள் வந்துவிட்டார்கள். அவர்கள் கண்டது இரத்தச் சேட்டோடு நிற்கிற தமிழனையும், முன்னால் தள்ளாடி எழும்புகிற வெள்ளைக்காரனையும்தான்.

"தம்பி, உவனே உங்களுக்கு அடிச்சவன்?" என்று சங்கத் தலைவர் மரியதாஸ் அண்ணை கேட்டார். என் பதிலுக்குக் காத்திராமல் ஒரு கதிரையைத் தூக்கினார். "எங்கடை ஊருக்கு வந்து எங்கடை ஆளுக்குக் கை வைக்கிறியோ?" என்று இன்னொருவர் எரிக்கின் ரையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார். நான் வற்புறுத்திக் கட்டவைத்த ரை. எரிக்கின் முகம் சிவந்து, கண் பிதுங்கத் தொடங்கியது.

"கழுத்தை விடுங்கோ. நான்தான் அவனுக்கு அடிச்சனான். அவன் எனக்குத் திருப்பிக்கூட அடிக்கேல்லை" என்று கத்தினேன்.

"பிறகேன் அடிச்சனீங்கள்?"

"என்ரை கழுத்திலை கை வைச்சிட்டான். அண்டைக்கு செக்பொயின்ரிலை என்ரை ரையைக் குப்பியெண்டு நினைச்சுத்தான் என்ரை அண்ணையை அடிச்சே கொன்றவங்கள்."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. ரையைப் பிடித்திருந்தவர் கையை எடுத்து, எரிக்கின் சேட்டை நீவிவிட்டார். மரியதாஸ் அண்ணை கதிரையைக் கீழே வைத்தார்.

"உதை அந்த மனுசனுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"இத்தனை வருசமாயோ?"

"ஓம்."

"சொல்லுங்கோ. என்னத்துக்கு அடி விழுந்ததெண்டு தெரியாதவன் எங்களோடை என்னெண்டு யாவாரம் செய்யிறது? சொல்லிப்போட்டு ரண்டு பேருமா வாங்கோ. நாங்கள் உள்ளுக்கு இருக்கிறம்."

எரிக்கை அதே கதிரையில் இருத்தினேன். ஊராருக்கு ஒரு மூச்சில் சொன்னதை அவனுக்குச் சொல்லப் பெரும்பாடாய்ப் போனது. குப்பியைச் சின்னப் போத்தல் என்றேன். மருந்தா என்று கேட்டான். நஞ்சு என்றேன். கூட வந்தவரை அடித்துக் கொன்றார்கள் என்றேன். உன் சக ஊழியரா என்று கேட்டான். மின் ப்ரூர், என்னுடைய அண்ணன் என்று சொல்லும்போது வாய்விட்டு அழுதேன்.

அவன் வீங்கிய உதட்டைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "உனக்குச் சகோதரன் இல்லை என்றல்லவா சொல்லியிருந்தாய்?" என்றான்.

"ஓம்" என்றேன். அண்ணை எப்படிச் செத்தார் என்று கேட்பார்களே என்று அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

அந்த ஓம் அவனுக்கு விளங்கவில்லை. யாவா, நெய்யா, ஓமா, இல்லையா, அண்ணன் இருக்கிறாரா என்று மெதுவாகக் கேட்டான். அவனுடைய மொழியில் இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம். இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் "ஓம்" என்றுதான் வந்தது.