சுற்றாத குமிழ்

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் எங்கள் புகைப்படச் சங்கத்தில் ஒரு மூத்தவர் இருந்தார். நான் எடுத்த மயில் படத்தைத் தன் பெயரில் போட்டிக்கு அனுப்பிப் பரிசு வாங்கியவர். கேட்டதற்கு, "லென்ஸ் என்னோடதுதானுங்க தம்பி" என்றார், மரியாதை குறையாமல்.

மறு வருடம் சொந்தமாக லென்ஸ் வாங்கினேன். ஜீப் அவருடையது என்பதால், பவானிசாகருக்கு அப்பால் அதிகம் பேர் அறியாத ஒரு சரணாலயத்துக்கு வெளிமான் எடுக்க அவரோடுதான் போக வேண்டியிருந்தது. குலுங்கும் ஜீப்பிலேயே அவசரமாக ஃபிலிம் மாட்டினார்.

முறுக்குக் கொம்போடு ஓர் ஆண்மான் எதிரே வந்து நின்றது. அவர் எடுத்துத் தள்ளினார். நான் அவருடைய கேமராவின் இடப்பக்கக் குமிழைப் பார்த்தேன். உள்ளே ஃபிலிம் ஓடினால் அதுவும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை. அவசரத்தில் மாட்டிய ஃபிலிம் உள்ளே பல்லில் பிடிக்கவே இல்லை. சொல்ல வாயெடுத்தேன். மயில் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

என் கடைசி ஃபிரேமில் மானை எடுக்கவில்லை. கேமராவும் கையுமாக நின்ற அவரை எடுத்தேன்.

"முப்பத்தாறு படத்து ரோல்ல முப்பத்தெட்டு உழுந்துருச்சுங்க தம்பி. ராசியான ரோலு" என்றார்.

"எல்லாம் உங்க கை ராசிங்கண்ணா" என்றேன்.

கழுவிப் பார்த்தால் அவருடைய ரோல் முழுக்க வெறுமை. அடுத்த கூட்டத்தில், எல்லார் முன்னாலும் என் கடைசிப் படத்தின் பிரிண்டை அவரிடம் நீட்டினேன்.

"இதையும் உங்க பேருலயே போட்டிக்கு அனுப்பிக்குங்கண்ணா. லென்ஸ் மட்டும் என்னோடதுங்க."