சும்மா விட்ட சேறு

நான்கு மூங்கில் கழி, சுற்றி நீல நைலான் கயிறு, நடுவில் வெறும் சேறு. எண்ணூர் கழிமுகத்தில் இருந்த அந்த இடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேடம் காடு வளர்ப்பு ஆராய்ச்சியாளர், நான் அவருடைய படகோட்டி. மண் மேடிட்டு அலையாத்தி மரங்கள் பட்டுப்போன கரையில் வாய்க்கால் வெட்டி, கடல்நீர் வந்து போக வழி செய்திருந்தார். ஒரு பாத்தியில் கன்று வைத்தோம். கயிறு கட்டிய பாத்தியில் எதையும் வைக்கவில்லை. தண்ணீர் வந்தால் காடு தானாக வருமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

“இன்னா மேடம், இது மட்டும் மொட்டையா கீதே?” என்பேன். “அது சும்மா இருக்கட்டும். அதுக்கு அதுதான் வேலை” என்பார். இரண்டு வருடம், மாதம் தவறாமல், முழங்கால் சேற்றில் இறங்கிப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக்கொள்வார். எனக்குச் சிரிப்பாக வரும்.

ஆராய்ச்சியைத் தொடரலாமா என்று முடிவு செய்ய மேலதிகாரிகள் வருவதாக இருந்தது. மேடம் மானம் போகக் கூடாதே என்று, முதல் நாள் நானே மிச்சமிருந்த கன்றுகளை அந்த வெறும் பாத்தியில் நட்டுவிட்டேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு. வந்தவர்கள், தானாகவே முளைத்துவிட்டதே என்று மகிழ்ந்துபோனார்கள். மேடம் குனிந்து ஒரு கன்றின் தூரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை தொடர்ந்திருக்கும். “இது முளைச்சதில்ல சார், நட்டது. இந்தப் பாத்தியைக் கணக்குல சேர்க்க முடியாது” என்றார். யார் நட்டது என்று மட்டும் சொல்லவில்லை. ஆராய்ச்சி அத்தோடு நின்றது. அப்படி ஒரு மனுஷியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மேடம் மாற்றலாகிப் போகும் நாளில், “தப்பு பண்ணிட்டேன் மேடம்” என்று அழுதேவிட்டேன். அவர் திட்டவில்லை. பக்கத்தில் இன்னொரு துண்டு சேற்றைக் காட்டி, “இதுக்கும் வாய்க்கால் வெட்டி விடுங்க. அப்புறம் ஒண்ணுமே செய்யாதீங்க” என்றார். வெட்டிவிட்டேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. விதைகள் அலையில் மிதந்து வந்தன, ஒதுங்கின, அடித்துக்கொண்டு போயின, மறுபடி வந்தன. கை பரபரக்கும். அடக்கிக்கொள்வேன். வருடங்கள் போயின.

போன மாதம் அங்கே படகை விட்டு இறங்கினேன். என் தலைக்கு மேல் இலை. சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர்கள், அவற்றுக்கிடையே நண்டுகள். யாரும் கொண்டுவந்து வைக்காத காடு. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். நின்ற இடத்திலிருந்தே மேடத்துக்குப் போன் போட்டேன்.

“மேடம், காடு வந்துக்கீது.”

“நீங்க நட்டீங்களா?”

“கையே வெக்கல மேடம். தானா வந்துக்கீது.”

போனில் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: “அப்போ எண்ணிச் சொல்லுங்க. எழுதிக்கறேன்.”