சீர்த்தட்டில் ஏறாத டிவிடி பிளேயர்

ஆம்ப்ளிஃபயர் வாங்கியாச்சு, அஞ்சு ஸ்பீக்கரும் மாட்டியாச்சு, இனி டிவிடி பிளேயர் ஒன்றுதான் பாக்கி என்று இந்தக் குழுவில் பீற்றிக்கொண்டிருந்தேன் அல்லவா? இன்றைக்கு அதை வாங்கத்தான் மனைவியோடு காந்திபுரம் போனேன்.

கூடவே அவள் அண்ணனும் வந்தார். பாப்பா காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக அந்த பிளேயரை வாங்கித் தருவதே அவர்தான்.

நான் கேட்டதைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். மச்சான் ஒரு கையிலேயே தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது சிலேட்டாட்ட இருக்குதுங்க. பல்லடத்துல இருந்து சனமெல்லாம் வாராங்க. சீர்த்தட்டுல வெச்சா யாரு கண்ணுக்குத் தெரியும்?"

"அப்ப இதப் பாருங்க" என்று கடைக்காரர் விசிடி பிளேயர் ஒன்றை இறக்கினார். ஒரே நேரத்தில் மூன்று சிடி போடலாமாம். பாதி மேசையை அடைத்தது. கூடவே பாடுவதற்கு இரண்டு மைக்.

விசிடி போட்டால் அஞ்சு ஸ்பீக்கரிலும் தனித்தனியாகச் சத்தம் வராது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"மாப்பளைக்குப் புடிச்சிருக்குதுங்களா?" என்றார் மச்சான்.

சீர் செய்கிறவரிடம் இது வேண்டாம், அது வேண்டும் என்று யாராவது கேட்பார்களா? மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குதுங்க மச்சான்."

"அப்ப நாளான்னிக்கு மண்டபத்துல மொதப் பாட்டு நீங்கதான் பாடோணுமுங்க."

அதற்கும் தலையை ஆட்டிப்போட்டு வந்துவிட்டேன்.

குரலே தேவைப்படாத பாட்டு ஏதாவது இருந்தால் சொல்லுங்க.