ஆறு பத்துக்கு இறங்கிய காய்ச்சல்

காலை ஆறு பத்துக்கு மகளின் காய்ச்சல் இறங்கியது. பிசகு தொடங்கியது அப்போதுதான். மூன்று நாளாகப் பரசிட்டமோலுக்கு அரைகுறையாகத் தணிந்து மறுபடி ஏறிய காய்ச்சல், தலையணை நனைய வியர்த்து ஒரேயடியாக அடங்கிவிட்டது. கணவரின் தாய், என் மாமி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது.

எங்கள் தெருவில் டெங்கு. பரசிட்டமோலைத் தவிர வேறெதுவும் கொடுக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தார்கள். மாமியின் தலையணைக்கடியில் எப்போதும் ஒரு அட்டை டைக்ளோபெனாக் மாத்திரை இருக்கும். கல்பிட்டியில் அதற்கு உழைவுக் குளிசை என்று பெயர். வலை இழுத்த இடுப்புக்கும், வீங்கிய முழங்காலுக்கும், பல்வலிக்கும் அதுதான். காய்ச்சலையும் இறக்கும். ஆனால் டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

"மாமி, புள்ளைக்கு உங்கட குளிசை குடுத்தீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? படிச்ச மருமகள் இருக்கிற ஊட்டுல தண்ணி குடுக்கவும் கேட்டுத்தானே குடுக்கிற!"

அட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு குழிகள் வெறுமையாக இருந்தன.

"ஒண்டு ராவு நான் போட்ட. மத்தது எனக்குத் தெரியா."

மகளிடம் கேட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மாமிக்குப் பயந்துதான் என்று முடிவுகட்டினேன்.

பகல், அவள் கடித்து வைத்த பாண் துண்டில் இரத்தம். ஆஸ்பத்திரியில் தாதி, "வேற குளிசை ஏதும் குடுத்தீங்களா? மறைக்க வேணாம்" என்றாள்.

"இவட்ட கேளுங்க" என்று எல்லார் முன்னாலும் மாமியைக் காட்டினேன். கட்டிலருகேயும் அவரை விடவில்லை. வெளியே வாங்குப் பலகையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

மகள் இன்று உயர்தர வகுப்பில் படிக்கிறாள். ஆனாலும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் சட்டென்று இறங்கினால் குளிசை அட்டையை எடுத்துக் குழிகளை எண்ணுவேன்.

அன்று, கடலுக்குப் போயிருந்த கணவர் அசர் தொழுகைக்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காலில் உப்புக் காய்ந்திருந்தது. வெளியே மாமியிடம் நடந்ததைக் கேட்டுவிட்டு வந்தவர், என்னைப் பார்க்காமல் தாதியிடம் சொன்னார்:

"குடுத்தது எங்கட உம்மா இல்ல மிஸ், நான்தான். விடிய சுபஹோட கடலுக்குப் போகக்குள்ள உடம்பு உழையுது வாப்பாண்டு புள்ள அழுதிச்சு. உம்மாட அட்டையில ஒண்டு எடுத்துக் குடுத்திட்டு, உன்ட உம்மாட்ட சொல்லாத, ஏசுவாண்டு புள்ளைட்ட சொன்ன. எனக்குக் கேக்குற குளிசை, புள்ளைக்கும் கேக்குமெண்டு நினைச்ச."