எந்தத் துப்பாக்கியை எழுதுவது

எங்கள் வீட்டில் மூன்று கைத்துப்பாக்கிகள் இருந்தன. அரிசியும் துணியும் விற்கிற வீட்டில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் அந்தக் காலத்துப் பசறை ரோட்டைப் பார்த்ததில்லை. இலங்கை மலைநாட்டில் எங்கள் பதுளைக்கு ரயில் வராத காலம் அது. தோட்டங்களுக்குச் சாமான் போவதும் பணம் வருவதும் மாட்டு வண்டியில்தான். மழை பிடித்துவிட்டால் வண்டிக்காரருக்கு மாட்டின் கொம்பு தெரியாது. அவ்வளவு பனி.

மூன்றில் பெரியது ஒரு ரிவால்வர். காப்பித் தோட்டங்கள் நோய் கண்டு பட்டுப்போனபோது மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய ஒரு துரையிடம் வாங்கியது. தூக்கினால் அம்மிக் குழவி மாதிரி கனக்கும். இரண்டாவது, ஏதோ பங்களாச் சாமான்களை ஏலம் விட்டபோது மேசை நாற்காலியோடு வந்து சேர்ந்த சின்ன ரிவால்வர். என் உள்ளங்கையிலேயே அடங்கிவிடும். என் வீட்டுக்காரர் அதைப் பொம்மை என்றுதான் சொல்வார். மூன்றாவது என் மாமனாருடையது, குழலில் வெடிமருந்து இடித்துச் சுடுகிற பழைய இரட்டைக் குழல். அது கடைசியாக எப்போது வெடித்தது என்று மாமனாருக்கே நினைவிருந்திருக்காது. ஆனாலும் அப்பாவின் சாமான் என்று அதற்கு ஒரு தனி மரியாதை.

இவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளக் கச்சேரியில் பதிந்திருந்தோம். எங்கள் ஊரில் கச்சேரி என்றால் ஏஜண்டு துரை உட்கார்ந்து ஜில்லாவை ஆளுகிற ஆபீஸ். வீட்டில் வைத்துக்கொள்வது வேறு, இடுப்பில் மறைத்துக்கொண்டு ரோட்டில் போவது வேறு. அதற்குத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதிச் சீட்டில் ஒரே ஒரு துப்பாக்கியைத்தான் எழுதித் தரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த வருஷம்தான் முதல் முறையாக அந்த அனுமதி தேவைப்பட்டது. ஆடி மாதம் என் வீட்டுக்காரர் பசறையிலிருந்து திரும்பும்போது, மதகு தாண்டி வருகிற வளைவில் நாலு பேர் வண்டியை மறித்தார்கள். பணப்பையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த இவருடைய வலது கையில் தடியால் அடித்தார்கள். பை போயிற்று. கட்டுப் போடுகிற வைத்தியர் எண்ணெயும் பச்சிலையுமாகக் கட்டி எலும்பைச் சேர்த்துவிட்டார். ஆனால் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. கம்பு மாதிரி நீட்டிக்கொண்டே நின்றன.

அதன் பிறகு இவர் பசறை ரோட்டில் கால் வைக்கவில்லை. கேட்டால் கடையில் வேலை இருக்கிறது என்பார். தோட்டத்துச் சரக்கைக் கணக்கப்பிள்ளை கொண்டுபோனார். அவர் எங்கள் கடையில் கிழவராகிப்போனவர். ஒவ்வொரு தடவை அவர் கிளம்பும்போதும் இவர் வாசலில் நின்று, வண்டி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. தன் பயத்துக்கு ஒரு வயசாளியை அனுப்புகிறோமே என்ற வெட்கம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. தீபாவளித் துணியைத் தானே கொண்டுபோவதாக ஒரு நாள் திடீரென்று அறிவித்தார். துப்பாக்கியோடு போகப் போகிறாராம்.

"பெரிசைத்தான் எழுதப் போறேன். அதப் பாத்தாலே எவனும் கிட்ட வர மாட்டான்."

கணக்கப்பிள்ளையும் ஆமாம் போட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அது ஊரறிந்த சங்கதி. ஆனால் இந்த விஷயத்தில் வாயை அடக்கிக்கொண்டேன். மடங்காத விரலால் அந்தக் குழவிக்கல்லை எப்படிச் சுடுவீர்கள் என்று ஒரு ஆம்பிளையிடம், அதுவும் அடிபட்டுக் கிடந்து எழுந்தவரிடம், எப்படிக் கேட்பது? கேட்காமல் விட்டால், சுட முடியாத துப்பாக்கியை நம்பிக்கொண்டு அதே வளைவுக்குப் போவார். துப்பாக்கியைக் கண்ட திருடன் கையை முறிப்பதோடு நிறுத்த மாட்டான்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. தராசு, படிக்கல், கத்தரிக்கோல், வண்டிச் சாட்டை எல்லாவற்றோடும் துப்பாக்கிகளையும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வரிசையாக வைத்தோம். மறுநாள் விஜயதசமியன்று அவரவர் தம்முடைய ஆயுதத்தை எடுத்து வேலையைத் தொடங்குவது எங்கள் கடை வழக்கம். கணக்கப்பிள்ளை முதல் வரி எழுதுவார். வண்டிக்காரர் வண்டியைப் பூட்டி ஒரு சுற்று வருவார். முதலாளி பின்கட்டில் நின்று மலையைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு எங்கள் பூஜை முடிந்ததாகக் கணக்கு.

அன்றைக்கு இவர் பெரியதை எடுத்தார். கடையாட்கள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கையை நீட்டினார். விரல் சுடுகிற குதிரையில் போய்ப் பட்டது, ஆனால் மடங்கவில்லை. மோதிர விரலைக் கொடுத்துப் பார்த்தார். துப்பாக்கி கையிலிருந்து நழுவப் பார்த்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. முகமெல்லாம் வியர்த்துவிட்டது. காதைப் பொத்தியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள்.

"சந்தனம் உள்ள போய் இறுகிப்போச்சு!" என்று நான் உரக்கச் சொன்னேன். "கொழச்சு அப்பாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், யாரு கேட்டா? தொடச்சுட்டு அப்புறமா சுடட்டும். எல்லாரும் வந்து பொரி வாங்கிக்குங்க."

சந்தனம் வைத்ததே நான்தான். இவருக்கு அது தெரியும். துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். பொரியைக் கொடுத்து முடித்துவிட்டு நான் போனபோது, அந்த நீட்டிய விரல்களை மறு கையால் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், வலியில் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

"அந்தக் கையப் போட்டு ஏங்க வதைக்கிறீங்க? இடது கை எங்க போச்சு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. கெட்ட வார்த்தை எதையோ சொல்லிவிட்டது போலப் பார்த்தார். சொல்லப்போனால், எங்கள் குடும்பத்தில் அது கெட்ட வார்த்தைதான். இடது கையால் ஒரு பிடி உப்பு அள்ளிக் கொடுத்தால் வாங்குகிறவன் கீழே கொட்டிவிட்டுப் போவான். விரல் மடங்காமல் அவதிப்பட்ட இத்தனை மாதமும் இவர் வலது கையால்தான் படியைப் பிடித்தார், சில்லறை கொடுத்தார், சாப்பிட்டார். நல்லாயிருக்கிற இன்னொரு கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் தோன்றவில்லை, வைத்தியருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கும் தோன்றவில்லை.

"பூஜையில வச்ச ஆயுதத்த இடது கையால எடுக்கச் சொல்றியா? வெளங்குமா?"

"ஒங்கள அடிச்சவன் நல்ல நேரம் பாத்தா வந்தான்? வெளங்குறது இருக்கட்டும். நீங்க உசிரோட வீட்டுக்கு வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

இதைச் சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. அதைக் கேட்டுத்தான் அவர் இறங்கி வந்தார் என்று நினைக்கிறேன். என் நியாயத்தைக் கேட்டு அவர் என்றைக்கும் இறங்கி வந்தவரில்லை.

ஹாலிஎலப் பக்கம் எங்களுக்குப் பலா மரங்கள் நின்ற ஒரு துண்டு நிலம் இருந்தது. ஆள் நடமாட்டம் கிடையாது. பலாக்காய் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் போனோம். மாமனாருடைய துப்பாக்கிக்கு மருந்து இடித்து முடிப்பதற்குள் திருடன் பதுளைக்கே போய்ச் சேர்ந்துவிடுவான். அதனால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டோம். இடது கையில் பெரியதை எடுத்துச் சுட்டார். கை பின்னால் எகிறித் தோளில் இடித்தது. குண்டு எந்தப் பக்கம் போனது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. பிறகு சின்னதை எடுத்தார். மரத்தில் படவில்லை, ஆனால் மரம் இருந்த திசையில் போனது. அடுத்தது பட்டையைப் பிய்த்துக்கொண்டு போனது.

"இந்தப் பொம்மைய எழுதிக் குடுத்தா கச்சேரியில சிரிப்பாங்கடி" என்றார்.

"சிரிக்கட்டும். இதுல தோளு சுளுக்கிக்காது."

ஆனாலும் கச்சேரிக்குப் போகிற அன்று காலையில் பெரியதை ஒரு துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். துணியை அவிழ்த்தார். சின்னதை எடுத்துக்கொண்டார்.

கச்சேரியில் நடந்ததை வந்து சொன்னார். பெரிய துப்பாக்கி இருக்கும்போது ஏன் சின்னது என்று ஏஜண்டு துரை கேட்டாராம். இவர் வலது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, இடது கையில் துப்பாக்கியை எடுத்துக்காட்டினாராம். பக்கத்தில் நின்ற நம் ஊர்க் குமாஸ்தா முகத்தைச் சுளித்தாராம். துரை பேனாவை எடுத்து இடது கையாலேயே கையெழுத்துப் போட்டாராம். இவருக்கு இது பெரிய ஆச்சரியம். அன்றிரவு சாப்பிடும்போது இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார்.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால், துணி மூட்டைகளோடு கிளம்பினார். துப்பாக்கி கோட்டின் இடது பையில். "பையில கைய வச்சுக்கிட்டே போறேன்" என்றார். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். வண்டி மறைகிற வரைக்கும் வாசலில் நிற்பது இப்போது என் முறை.

மறுநாள் பிற்பகலுக்குள் திரும்பியிருக்க வேண்டும். விளக்கு வைக்கிற நேரமாகியும் வரவில்லை. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. சின்னதை எழுதச் சொன்னது நான்தானே, பெரியதைக் கொண்டுபோயிருந்தால் பார்த்தே பயந்திருப்பார்களோ என்று மனசு என்னைப் பிறாண்டியது. கணக்கப்பிள்ளை லாந்தரை எடுத்துக்கொண்டு கிளம்பப் போனபோது இவர் நடந்தே வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கோட்டைக் காணோம்.

"வண்டி ஆஸ்பத்திரியில நிக்குது" என்றார். நான் அவர் கையையும் தோளையும் தொட்டுப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணுமில்ல. உக்காரு, சொல்றேன்."

திரும்பி வரும்போது அதே வளைவு. பனி மூடிக்கிடந்தது. தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து ஒருவன் கையில் தடியோடு ரோட்டில் குதித்து வண்டிக்கு நேரே ஓடி வந்தான். இவர் பையிலிருந்து துப்பாக்கியை இழுத்தார். பழக்கமில்லாத கை. பையின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. இழுத்து விடுவித்து, பிடியைச் சரிசெய்து, அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். அதற்குள் அவன் வண்டியை நெருங்கிவிட்டான். வாய் திறந்து கத்தியதும் காதில் விழுந்தது.

"சாமி, நிப்பாட்டுங்க சாமி! எம் பொஞ்சாதி சாகப் போறா!"

தோட்டத்து ஆள். பிரசவ வேதனையில் இருந்தவளைக் கம்பளியில் போட்டு, கம்பில் கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். வழியில் கம்பு முறிந்துவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டதும், முறிந்த கம்பு கையில் இருந்தபடியே ஓடி வந்திருக்கிறான். இவர் மீதியிருந்த மூட்டைகளை ரோட்டோரம் இறக்கி, அவளை வண்டியில் கிடத்தி, தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தி, வண்டியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மழையில் நடந்தே வந்திருக்கிறார்.

சொல்லிவிட்டு வேட்டி மடிப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வலது கை நல்லா இருந்திருந்தா நான் சுட்டிருப்பேன்டி. அவன் வாயத் தொறக்க முந்தி சுட்டிருப்பேன்."

தலையைத் துவட்டிவிட்டேன். சோறு போட்டேன், தொடவில்லை. படுக்கச் சொன்னேன், படுக்கவில்லை. ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு நடையிலேயே உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியை நான் எடுத்து உள்ளே வைத்ததைக்கூட அவர் பார்க்கவில்லை.

விடிந்ததும் வண்டிக்காரர் வந்தார். "பொம்பளப் புள்ள மொதலாளி. தாயும் நல்லாருக்கு" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் இவர் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். பழைய சோற்றில் மோர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் விக்கி விக்கி அழுதார்.